மாடிப்படி மீன்

சலவைக்கடை மாடி அறை,
ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மூட்டு மட்டும் குளிருக்கு முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உன் மாமியாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

வெளியே வந்துவிட்டேன். பதின்மூன்று வருஷப் பழக்கம், எந்தக் கதவைப் பார்த்தாலும் யாராவது வந்து திறப்பார்கள் என்று நின்றுவிடுகிறேன். நேற்று மருந்துக்கடைக்காரர், "என்னம்மா, தள்ளித் திறந்துட்டு வாம்மா" என்றார். கூச்சமாகப் போய்விட்டது.

ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. நடத்துகிற அம்மாளை எல்லாரும் மேடம் என்கிறோம். ஜெயிலிலிருந்து வருகிறவர்களை மட்டும்தான் வேலைக்கு எடுக்கிறார். ஏன் என்று யாருக்கும் தெரியாது, அவரும் சொல்வதில்லை. முதல் நாள் நான், "என்ன செஞ்சுட்டு உள்ளே போனேன்னு சொல்லணுமா மேடம்?" என்று கேட்டேன்.

"வெங்காயம் நறுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அதைச் செஞ்சு காட்டு. மத்ததையெல்லாம் ஜட்ஜ் கேட்டாச்சு."

சொல்லிவிட்டுக் கத்தியைக் கையில் கொடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூப் கிண்ட ஆரம்பித்துவிட்டார். தங்கச்சி, என் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்ற முதல் ஆள் அவர்தான். வெங்காயத்தின் தயவில் நான் அழுதது தெரியவில்லை.

மாதம் ஒரு தடவை நன்னடத்தை அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வேலை இருக்க வேண்டும். சண்டை என்று ஒரு புகார் வந்தாலும் மறுபடி உள்ளே. அவ்வளவுதான் நிபந்தனை.

பாப்பாவை நான் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போகட்டுமா?

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

பள்ளி அலுவலகம்,
ஜனவரி 28

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலமாக இருக்கிறோம். உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குளிர்ந்த தரையில் நிற்காதே.

நீ வெளியே வந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? வேலையும் கிடைத்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும்? பாப்பா நன்றாகப் படிக்கிறாள். பரீட்சை வருகிறது, வீடே அமளி. அத்தைக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. பாப்பாவின் அப்பாவுக்கு ஆபீஸில் வேலை அதிகம்.

இனிமேல் கடிதங்களை என் பள்ளி அலுவலக விலாசத்துக்கே போடு. வீட்டில் தபால் பெட்டி சரியில்லை. போனும் வேண்டாம், வீட்டில் யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அக்கா, ஒன்றே ஒன்று. கோபத்தை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

சலவைக்கடை மாடி அறை,
பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன். பாப்பாவின் பரீட்சை நல்லபடி முடியட்டும். உங்கள் தபால் பெட்டியும் சீக்கிரம் குணமாகட்டும்.

மேடம் என்னை வெங்காயத்திலிருந்து மீனுக்கு ஏற்றிவிட்டார். நான் வறுக்கும் மீனைத் தேடி வியாழக்கிழமைகளில் ஆட்கள் வருகிறார்கள். பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பவன் பெயர் நெட்டையன். வண்டி திருடி நாலைந்து தடவை உள்ளே போனவன். அவனாகவே சொன்னான், நாங்கள் கேட்கவில்லை. யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதுதான் மேடத்தின் ஒரே சட்டம். தட்டுகளைத் துடைத்து விளக்குக்கு நேரே பிடித்து, "முகம் தெரியுது அக்கா, என் மூஞ்சியே நல்லாத்தான் இருக்கு" என்பான். அவன் ஓயாமல் பேசுகிற சூட்டில் அடுப்பில்லாமலே சாதம் வெந்துவிடும்.

கோபத்தை அடக்கு என்று எழுதியிருந்தாய். சரிதான். சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம். ஒரு வாளி அழுக்குத் தண்ணீர், படியில் ஊற்றியது யார் என்று ஒரு சண்டை. மேல்வீட்டு அம்மாவை நான்தான் தள்ளினேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. தள்ளவில்லை, அவரே வழுக்கி விழுந்தார் என்று சொல்லச் சொன்னார் வக்கீல். நான் சொல்லவில்லை. மேல்படியில் பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்த அந்த அம்மாவின் பெண் குழந்தைக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்? அந்தக் கோபத்தை நான் மறந்ததும் இல்லை, அதற்குச் சாக்குச் சொன்னதும் இல்லை.

ஆனால் நான் கேட்ட கேள்வி உன் கடிதத்தில் எங்கேயோ தவறி விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

பதில் போடு.

அக்கா

*

சலவைக்கடை மாடி அறை,
மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பரீட்சை நேரம் என்று எடுத்துக்கொண்டேன். நான் இருக்கிறேன்.

மேடம் அடுப்படியிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். பக்கவாதம். ஒரு பக்கம் கையும் காலும் போய், பேச்சும் போய்விட்டது. ஹோட்டலை மகன் பார்க்கிறான். விளம்பரக் கம்பெனியில் இருந்தவனாம். வந்த அன்றே எங்களை வரிசையாக நிற்கவைத்தான். வரிசை என்றதும் எங்கள் கைகள் தாமாகவே பின்னால் போயின. அதைப் பார்த்து, "ஆகா, அப்படியே நில்லுங்க" என்று போட்டோ எடுத்தான்.

"அம்மாவுக்கு வியாபாரம் தெரியாது. உங்ககிட்ட ஒரு பெரிய சொத்து சும்மா கிடக்கு."

"என்ன சொத்து சார்?" என்றான் நெட்டையன், பாவம், நிஜமான ஆசையோடு.

"உங்க கதை."

மறுநாள் எல்லாருக்கும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை வந்தது. நெஞ்சில் எண். தங்கச்சி, நான் உள்ளே இருந்தபோதுகூட எங்கள் சட்டையில் கோடு கிடையாது! எதையோ சினிமாவில் பார்த்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அரசாங்கம் என்னிடமிருந்து கழற்றி வாங்கிக்கொண்ட எண்ணை, இவன் கடையில் துணி எடுத்து மறுபடி மாட்டிவிடுகிறான். எந்த ஜட்ஜ் சொன்னார் இவனுக்கு?

போட மாட்டேன் என்றேன். "போடாதவங்க போகலாம். அதிகாரிக்கு நான் தகவல் சொல்லிடறேன்" என்றான் சிரித்த முகத்தோடு. வேலை போனால் நான் எங்கே போக வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தான்.

போட்டுக்கொண்டேன்.

பாப்பாவின் போட்டோ ஒன்று அனுப்பு.

அக்கா

*

பள்ளி அலுவலகம்,
ஏப்ரல் 17

பாசமுள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதத்துக்கு மன்னித்துவிடு. அத்தைக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், கூடவே இருக்க வேண்டியதாகிவிட்டது. பாப்பா நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். உன் மூட்டு எப்படி இருக்கிறது?

மேடத்தைப் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. ஆனால் அக்கா, யோசித்துப் பார். உன்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு வேலை கிடைப்பது சுலபமா? அந்த மகனும் தன் தொழிலைக் காப்பாற்றத்தானே பார்க்கிறார்? ஒரு சட்டைதானே. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

போட்டோ எடுக்க இன்னும் நேரம் அமையவில்லை.

தங்கை

*

சலவைக்கடை மாடி அறை,
ஏப்ரல் 25

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

ஒரு சட்டைதானே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு விவரம் போதாது என்று நினைக்கிறேன், சொல்கிறேன்.

சமையலறைச் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் கம்பி போட்டிருக்கிறான். நிஜக் கம்பி. உள்ளே நாங்கள் சமைக்க வேண்டும், வெளியே உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் பார்க்க வேண்டும். மிருகக்காட்சிசாலையில்கூட மிருகம் தன் சாப்பாட்டைத்தான் தின்னும், பார்க்கிறவனுக்குச் சமைத்துப் போடாது. வாசலில் ஒரு பலகை. "இன்றைய கைதி" என்று தினம் ஒருவர் படம், அடியில் குற்றம். பழைய பேப்பர்களைத் தோண்டி எல்லாருடையதையும் எடுத்துவிட்டான். மேடத்தின் ஒரே சட்டம் போன இடம் தெரியவில்லை. டீயை "திருட்டு டீ" என்று மெனு கார்டில் போட்டிருக்கிறான். நெட்டையன் எங்களுக்கு முன்னால் அதைப் படித்துச் சிரித்தான். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், நாள் பூராவும் ஒரு பாட்டு இல்லாமல், ஒரு பேச்சு இல்லாமல் தேய்த்தான்.

என் மீனுக்கு என்ன பெயர் தெரியுமா? "மாடிப்படி மீன்." அடியில் ஒரு வரி: "தள்ளினால் விழாது, தின்றால் விடாது."

கையெழுத்துப் போடப் போனபோது அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு "அனுசரிச்சுப் போங்கம்மா" என்கிறார்கள். "அவமானத்துக்கெல்லாம் சட்டத்துல இடமில்லம்மா. வேலை இல்லேன்னாதான் இடமிருக்கு" என்றார்.

ஒருத்தன் கம்பி வழியாகத் தலையை நீட்டி, "கொல்றப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். பக்கத்தில் அவன் கூட்டாளிகள், வாயெல்லாம் பல். "உப்பு சரியா இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டேன். கோபத்தை அடக்கு என்றாயே, அடக்கினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்குப் படியில் வந்த கோபம் தப்பு. இன்றைக்கு வருகிற கோபமும் தப்பா? ஒரு தடவை தப்பாகக் கோபப்பட்டவளுக்குச் சாகும்வரை கோபமே கூடாதா?

இன்னொன்றும் கேட்கிறேன். என்னைப் பற்றி உன் வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

அக்கா

*

பள்ளி அலுவலகம்,
ஜூன் 14

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. எழுத நேரமில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அத்தை தன் போனில் வந்த ஒரு விளம்பரத்தை எல்லாருக்கும் காட்டினார். ஏதோ ஊரில் ஜெயில் மாதிரி ஒரு ஹோட்டலாம், நிஜக் கைதிகளே சமைக்கிறார்களாம். கம்பிக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். ஓரத்தில் நிற்பவர் கையில் மீன் கரண்டி. நீ மிகவும் இளைத்துவிட்டாய் அக்கா.

"மூஞ்சியைப் பாரு, சமையல்காரி மாதிரியா இருக்கா?" என்று அத்தை சிரித்தார். பாப்பா, "லீவுக்கு இங்கே போலாமாம்மா?" என்று கேட்டாள். நான் பால் பொங்குகிறது என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுப்பில் பால் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

சலவைக்கடை மாடி அறை,
ஜூலை 12

அன்புத் தங்கைக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் நலம்தானே? உன் கடிதத்துக்கு நான் கோபப்படவில்லை. இல்லாத பாலை இறக்க ஓடியவளிடம் என்ன கோபம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியம். கடை நிறையக் கூட்டம். ஏதோ ஆபீஸிலிருந்து ஏழெட்டுப் பேர், யாருக்கோ பதவி உயர்வு என்று விருந்து. மெனு கார்டைச் சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் சிரிக்கவில்லை. கார்டைக் கீழே வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாள். அன்றைக்கு "இன்றைய கைதி" நான்தான். திரும்பி நேராகக் கம்பிக்கு வந்து நின்றாள்.

அந்த நெற்றியும் அந்தப் புருவமும் எனக்குத் தெரியும். மேல்வீட்டு அம்மா அச்சு அசலாக என் முன்னால் நிற்கிறார், வயசு மட்டும் குறைந்து.

"நீங்கதானே?"

"நான்தாம்மா."

"எங்கம்மாவை மீனாக்கிட்டீங்களா?"

"இந்தப் பேரை நான் வைக்கலம்மா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. பெயரை அவன்தான் வைத்தான். ஆனால் வறுத்துத் தட்டில் போட்டது யார்? மூன்று மாதமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தது யார்? சட்டை என்னை உறுத்துகிறது, கம்பி என்னை உறுத்துகிறது என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, செத்துப்போனவருக்கு ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு இது எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதினேனா?

அதற்குள் மேடத்தின் மகன், எங்கள் சின்ன முதலாளி, ஓடி வந்தான். விஷயம் புரியவில்லை. வாடிக்கையாளர் ரசிக்கிறார் என்று நினைத்துவிட்டான். "வேணும்னா உள்ளே வாங்க மேடம், அவங்க பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம். இலவசம்தான்" என்று போனை நீட்டினான்.

என் கையில் சுடச்சுடக் கரண்டி. அன்றைக்குப் படியில் வந்த அதே கோபம், அதே உயரத்துக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவன் கன்னம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு கரண்டியை வைத்தேன். அடுப்பை அணைத்தேன். கம்பிக் கதவைத் திறந்துகொண்டு சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

கோடு போட்ட சட்டையைக் கழற்றினேன். உள்ளே என் சொந்தச் சட்டை போட்டிருந்தேன். கழற்றியதை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"எல்லாரும் கேளுங்க. நான் ஒரு அம்மாவைக் கொன்னேன். இதோ நிக்கறது அவங்க பொண்ணு. உங்க தட்டுல கிடக்கறது அவங்க சாவு. பேரு வெச்சது இவரு, வறுத்தது நான். இனிமே நான் வறுக்க மாட்டேன்."

பல பேர் தட்டைத் தள்ளிவைத்தார்கள். சில பேர் குனிந்தபடி தின்று முடித்தார்கள். கடைசி மேஜையில் ஒருத்தர், "எங்களுக்கு ஆர்டர் பண்ணதே இன்னும் வரலியே" என்றார். மனுஷ ஜாதியைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த மயக்கமும் தெளிந்தது.

பின்கட்டிலிருந்து நெட்டையன் வந்தான், கையெல்லாம் நுரை. "அக்கா, நானும் கழட்டறேன். ஆனா உள்ள பனியன் கிழிஞ்சிருக்கு, பரவாயில்லியா?"

"பரவாயில்லடா."

கழற்றினான். அவனுக்குப் பின்னால் சூப் போடுகிற பெண்ணும் கழற்றினாள். மற்ற இரண்டு பேர் கழற்றவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் எங்கள் யாரையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சின்ன முதலாளி அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டான். நான் வாடிக்கையாளர்களை மிரட்டினேனாம், கத்தினேனாம், வியாபாரத்தைக் கெடுத்தேனாம். அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். திரும்ப உள்ளே போனாலும் போவேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதினேன், எதுவும் செய்ய வேண்டும் என்பதற்காக அல்ல. பாப்பாவை நன்றாகப் படிக்க வை.

அக்கா

*

வீடு,
ஜூலை 18

என் அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது. காய்ச்சல் இல்லை, கோபம். எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது.

இதை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே அத்தை டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் அந்த விளம்பரத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன். பாப்பாவின் அப்பாவும் இருந்தார். ஓரத்தில் நிற்கிறவளைத் தொட்டுக் காட்டி, "இது என் அக்கா" என்றேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வெளிநாட்டுல நர்ஸா இருக்கறதா சொன்ன அக்காவா?"

"வெளிநாட்டுல இல்ல அத்தை. ஜெயில்ல இருந்தா."

கல்யாணப் பேச்சின்போது அப்பா தொடங்கி வைத்த கதை அது. அவர் செத்த பிறகு நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். நீ எப்போதோ ஊகித்திருப்பாய்.

அத்தை போனைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப உங்கக்கா அனுப்பினதா குடுத்தியே, அந்தச் சால்வை?"

"நம்ம தெருமுனைக் கடையில நான் வாங்கினது."

"அதான் ஒரே தோய்ப்புல சாயம் போச்சு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் கத்திவிட்டேன் அக்கா. "சாயத்தை விடுங்க அத்தை! நீங்க சிரிச்சீங்களே, அந்தக் கம்பிக்குப் பின்னால நிக்கறது ஒரு மனுஷி. செஞ்சதுக்குப் பதின்மூணு வருஷம் குடுத்துட்டு வந்திருக்கா. அதுக்கப்புறமும் அவளை நிக்கவெச்சு வேடிக்கை காட்டி ஒருத்தன் சம்பாதிக்கறான். அதை நாம சோறு தின்னுக்கிட்டே பாக்கறோம்" என்றேன். இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

பாப்பாவின் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. பொய் சொன்னதற்கா, ஜெயிலுக்கா, எதற்கு என்று தெரியவில்லை. பேசும்போது பேசட்டும். அத்தைதான் நேற்று, "உங்கக்கா வந்தா எங்க படுக்கறது? என் அறையில கட்டில் போட இடமில்ல" என்றார். அது வரச் சொன்னதா, வர வேண்டாம் என்றதா? நான் வரச் சொன்னதாகவே வைத்துக்கொண்டேன். பாப்பாவுக்குப் பெரியம்மா வருகிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சட்டைதானே என்று எழுதிய கையை நான் என்ன செய்வது?

விசாரணை எப்படி முடிந்தாலும் உடனே எழுது. வீட்டு விலாசத்துக்கு. தபால் பெட்டிக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகவில்லை. போன் நம்பர் அடியில் இருக்கிறது, யார் எடுத்தாலும் நீ யார் என்று சொல்லு.

உன் தங்கை

*

சலவைக்கடை மாடி அறை,
ஆகஸ்ட் 24

என் தங்கச்சிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா? மாப்பிள்ளை பேச ஆரம்பித்தாரா? அத்தைக்கு என் வணக்கம். நல்ல சால்வையாக ஒன்று நானே பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்.

விசாரணை முடிந்துவிட்டது. அதிகாரி அறையில் சின்ன முதலாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்னைப் பேசச் சொன்னபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டல் எனக்குப் பழக்கம், அதற்கு அர்த்தம் "உள்ளே" என்பதுதான்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். மேல்வீட்டு அம்மாவின் பெண். யாரும் கூப்பிடவில்லை, விசாரணை இருப்பதை அவளுடைய வக்கீல் சொன்னாராம். கையில் அந்த மெனு கார்டு.

அதிகாரி கேட்டார். "உங்களை இந்தம்மா மிரட்டினாங்களா?"

"இல்ல. என்னை நிலைகுலைய வெச்சது இந்தக் கார்டுதான். இதுக்கு எதிரா நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கேன். இவங்க மேல புகார் எதுவும் இல்லேன்னு எழுதிக்குங்க."

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இவங்களை மன்னிச்சுட்டீங்கன்னு எழுதிக்கலாமாம்மா?"

"எழுதாதீங்க. நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்." கார்டைச் சின்ன முதலாளி பக்கம் நீட்டினாள். "எங்கம்மா செத்ததுக்கு இவங்க உள்ளே இருந்துட்டு வந்தாங்க. இவரு யாரு, அதுல மீன் விக்கறதுக்கு?"

சின்ன முதலாளி தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். விளம்பரக் கம்பெனியில் அதற்குப் பதில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

அவள் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பு என்று கேட்க நான் யார்? கும்பிட்டுவிட வேண்டும் என்று கை துடித்தது. அதையும் அடக்கிக்கொண்டேன். என் கும்பிடு அவளுக்கு இன்னொரு பாரம்.

புகார் தள்ளுபடியானது. மீனின் பெயர் போய்விட்டது, பலகையும் போய்விட்டது. கம்பி மட்டும் இருக்கிறது. இப்போது அதற்குப் பின்னால் நிற்க நாடகக்காரர்களை வைத்திருக்கிறானாம். வேஷத்துக்கு எங்கள் சம்பளத்தைவிட அதிகமாம்! நிஜமாக உள்ளே இருந்துவிட்டு வந்தவனுக்கு இந்த ஊரில் வேலை கிடைக்காது. உள்ளே இருந்தவன் மாதிரி நடிப்பவனுக்குக் கிடைக்கும். இதை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டும். இந்தக் கோபத்தை நான் அணைக்கப்போவதில்லை.

நெட்டையன் மேடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கடை எப்படி நடக்கிறது என்று கண்ணாலேயே கேட்டாராம். "அப்படியே நடக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து என் அறையில் உட்கார்ந்து அழுதான்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மேற்பார்வையாளர் என்ன குற்றம் என்று கேட்டார், சொன்னேன். யோசித்தார். "இங்கே எல்லாமே உப்பில்லாத சமையல்தான், பரவாயில்லையா?" என்றார். பழைய தண்டனையைவிட இது பெரிசாக இருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டார். நெட்டையனுக்கும் கேட்டு வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாப்பாவிடம் நான் என்ன செய்தேன் என்று நீ மென்று முழுங்க வேண்டாம், நானே சொல்கிறேன். செத்தவர் யார், அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கேட்டுவிட்டுப் பாப்பா என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே. அது அவள் உரிமை. நான் தள்ளி உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரயில் காலையில் வந்துவிடும். யார் வருகிறார்களோ வரட்டும், வராதவர்களை இழுத்துக்கொண்டு வராதே. ஸ்டேஷனில் கூட்டம் இருக்கும், மெல்லக் கூப்பிட்டால் கேட்காது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, அக்கா என்று சத்தமாகக் கூப்பிடு.

உன் அக்கா